மணல் பழகிய கால்

நைனா முகமது மாஸ்டரைவிட அவருடைய சீடர் இரண்டு வயது மூத்தவர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உள்ளது அதுதான்.

சீடர் பெயர் பரஞ்சோதி. திண்டுக்கல்காரர். கம்பெனி கால்பந்து அணிகளில் தடுப்பாட்டக்காரராக நின்று, எதிரே வந்தவனையெல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பியவர். முழங்கால் போனதும் ஆட்டம் நின்றது. "எனக்கு ஆடத் தெரியும். அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலை" என்று அவராகவே வந்து மாஸ்டரிடம் சேர்ந்துகொண்டார். அவர் இவரை 'மாஸ்டர்' என்பார். இவர் அவரை 'அண்ணே' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

கோவளம் போகிற கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி அவர்களுடைய கால்பந்து கிளப் இருந்தது. பையன்கள் அங்கேயே தங்கி, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் அதற்கு முதலாளி.

மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் வேறு எதையாவது செய்வார். வந்த புதிதில் பரஞ்சோதிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. போகப் போகப் பழகிவிட்டது.

அந்த வருஷம் மாஸ்டர் சொன்னார்.

"வலது ஓரத்துக்கு ஆள் வேணும் அண்ணே. நீங்களே பாருங்க. கொண்டு வர்றதும் நீங்க. வச்சுக்கறதும் நீங்க. அனுப்பறதும் நீங்க."

"நீங்க பார்க்க வேண்டாமா?"

"அப்புறம் நீங்க எப்பக் கத்துக்கறது?"

பரஞ்சோதி ஊர் ஊராகப் போனார். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். கோயில் திருவிழாவுக்காகக் கடற்கரையில் ஒரு போட்டி நடந்தது. அங்கேதான் லிகோரியைக் கண்டார். பத்தொன்பது வயசு, ஒல்லி, கருத்த முகம். வானத்திலிருந்து விழுகிற பந்தை அவன் புறங்காலில் வாங்கினான். தூளியில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இருந்தது. பந்துக்கே வலித்திருக்காது.

பரஞ்சோதி அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினார். அந்த அம்மா வலைக்குப் போன கணவனைக் கடலில் கொடுத்தவள்.

"சாரே, இவன் வாய் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டான். பசிச்சாலும் சொல்ல மாட்டான். நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள்.

"என் பொறுப்பும்மா" என்றார் பரஞ்சோதி.

பையன் கிளப்புக்கு வந்தான். வந்த முதல் நாளே கதை மாறிப்போனது.

நடு மைதானத்தில் ஆடுகிற டில்லிபாபு தரையோடு ஒரு பாஸ் கொடுத்தான். புல்லில் வழுக்கிக்கொண்டு வந்தது பந்து. லிகோரி காலைத் தூக்கி வைத்தான். பந்து அவன் காலுக்கு அடியில் புகுந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

இன்னொன்று கொடுத்தான். அதுவும் போனது.

"இன்னா லிகோரி, வலையில ஓட்டையா? மீன் பூட்ச்சே!" என்று கத்தினான் டில்லிபாபு. எல்லோரும் சிரித்தார்கள். லிகோரியும் சிரித்தான். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வாரம் பார்த்தார் பரஞ்சோதி. உயரத்தில் வருகிற பந்தெல்லாம் லிகோரிக்கு அடங்கியது. தரையில் வருகிற பந்தெல்லாம் தப்பியது. ஆனால் சம்பள ஆட்டத்தில் பந்து தரையில்தானே வரும்.

அவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"காலைத் தூக்காதே. தலையைத் தூக்கு. தோளைத் திருப்பு. டேய், காலைத் தூக்காதேன்னு சொன்னேன்ல? முட்டியை மடக்கு. பந்தைப் பாரு. பந்தையே பார்த்துக்கிட்டு நிக்காதே, ஆளைப் பாரு!"

லிகோரி தலையைத் தூக்கினான், தோளைத் திருப்பினான், முட்டியை மடக்கினான். பந்து போய்விட்டது. அடுத்த வாரத்தில் உயரத்தில் வருகிற பந்தையும் விட ஆரம்பித்தான்.

பரஞ்சோதி மாஸ்டரிடம் போனார்.

"அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு மாஸ்டர்? அங்க நான் என் கண்ணால பார்த்தேன். இங்க வந்து கால் செத்துப்போச்சே."

மாஸ்டர் கீழே கிடந்த ஒரு பந்தை எடுத்தார். "வாங்க அண்ணே, கடல் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மணலில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி நின்றார்.

"எனக்குத் தரையோட ஒரு பாஸ் கொடுங்க."

பரஞ்சோதி கொடுத்தார். பந்து கொஞ்சம் ஓடியது, மணலைத் தள்ளியது, நின்றுவிட்டது. மாஸ்டர் அசையாமல் அங்கேயே நின்றார்.

"பந்து வரலையே அண்ணே."

"மணல்ல எப்படி வரும்?"

"இன்னும் கொஞ்சம் பலமாக் கொடுங்க."

பலமாகக் கொடுத்தார். மணல்தான் பறந்தது. பந்து முன்பைவிட இரண்டடி அதிகம் போய்ச் செத்தது.

மாஸ்டர் அவ்வளவு தூரமும் நடந்து வந்து, பந்து கிடந்த இடத்தில் நின்றார். காலைத் தூக்கினார். கால்விரலைப் பந்துக்கு அடியில் நுழைத்து ஏந்தினார். பந்து மேலே எழும்பியது.

பரஞ்சோதி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே தூக்கு. லிகோரி தினம் தினம் தூக்குகிற அதே தூக்கு.

"அடப்பாவி" என்றார்.

மாஸ்டர் செருப்பில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பரஞ்சோதிக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே.

காலையில் முதல் வேலையாக லிகோரியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருடா. நீ பந்து நிக்கும்னு நினைக்கிறே. நிக்காது. இது மணல் இல்லை, புல்லு. புரியுதா?"

"தெரியும் சாரே."

"தெரியுமா? தெரிஞ்சா எதுக்குடா காலைத் தூக்கறே?"

லிகோரி தன் காலைக் குனிந்து பார்த்தான். யாரோ வேறொருத்தர் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"எனக்குத் தெரியும் சாரே. காலுக்குத் தெரியல்ல."

அன்றும் பந்து போனது. மறுநாளும் போனது.

அந்த நாட்களில் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். காலையில் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது லிகோரிக்கு எதிரே போய் நிற்பார். தரையோடு பாஸ் கொடுப்பார். லிகோரி விட்டால், பந்தை எடுத்து வர மாஸ்டரே ஓடுவார். எடுத்து வந்து மறுபடியும் அதே மாதிரி கொடுப்பார். நல்லா வாங்கினால் 'சபாஷ்' கிடையாது. விட்டால் 'சே' கிடையாது.

பரஞ்சோதிக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"மாஸ்டர், நீங்க எதுக்கு ஓடறீங்க? விட்டவன் போய் எடுத்துட்டு வரட்டும்."

"அவன் எடுக்கப் போனா இங்க யார் நிக்கறது?"

"இது எத்தனை நாளைக்கு?"

மாஸ்டர் அதற்குள் பந்தை எடுக்க ஓடிவிட்டார்.

ஐப்பசி வந்தது. பருவமழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊர் கிளப்போடு ஆட்டம். காலையிலிருந்து கொட்டிய மழையில் மைதானம் நெல் வயல் மாதிரி ஆகியிருந்தது. ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று பார்த்தால் நிறுத்தவில்லை.

லிகோரியை இறக்குவதா வேண்டாமா என்று பரஞ்சோதி யோசித்தார். அந்த இடத்தில் ஆடுகிற மற்றவனுக்குக் காய்ச்சல். இறக்கினார்.

டில்லிபாபு முதல் பாஸைக் கொடுத்தான். பந்து தண்ணீரில் சளப்பென்று விழுந்து நின்றது. அதை நோக்கி வேகமாக ஓடிய எதிரணிக்காரன் பந்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தே விட்டான். இந்தப் பக்கம் இரண்டு பேர் வழுக்கி ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள்.

லிகோரி ஓடவில்லை. பந்து சாகப் போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றான். காலைத் தூக்கினான். விரலைக் கொடுத்து ஏந்தினான். பந்து இரண்டு பேர் தலைக்கு மேலே போனது, அவன் அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டான்.

பரஞ்சோதி நாற்காலியை விட்டு எழுந்தார்.

முதல் கோலை அவனே போட்டான். இரண்டாவதுக்கு அவன் ஏந்திக் கொடுக்க, டில்லிபாபு தலையால் முட்டினான். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் சேற்றில் கை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தார்கள்.

"டேய், இவன் மீன் புடிக்கிறவன் இல்லடா, இவன்தான்டா மீனு!" என்று டில்லிபாபு அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினான்.

பரஞ்சோதி தொப்பலாக நனைந்திருந்தார். குடை பிடித்து நின்ற மாஸ்டரிடம் ஓடினார்.

"பார்த்தீங்களா மாஸ்டர்! பையன் வந்துட்டான்!"

மாஸ்டர் குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தார்.

"மழைதான் வந்துச்சு அண்ணே."

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று நினைத்தார். நேராகப் போய் முதலாளிக்குப் போன் போட்டார்.

வலது ஓரத்துக்கு ஒரு பாலக்காட்டு ஆட்டக்காரனை முதலாளி பார்த்து வைத்திருந்தார். நன்றாக ஆடித் தேறினவன், வயசு முப்பதைத் தாண்டியவன். அணியில் ஓர் இடம்தான் இருந்தது. அவன் வந்தால் லிகோரி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"பாலக்காட்டு ஆள் வேண்டாம் சார். நம்ம பையன் தேறிட்டான். நான் பொறுப்பு" என்றார் பரஞ்சோதி.

"நிச்சயமாவா?"

"என் கண்ணால பார்த்தேன் சார்."

அதற்கடுத்த ஆட்டத்தின்போது வெயில் அடித்தது. மைதானம் காய்ந்து, புல் வெட்டி, பாய் விரித்தது போல் இருந்தது. முதலாளி தன் சம்சாரத்தையும் கடை ஆட்களையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்திருந்தார்.

டில்லிபாபு தரையோடு கொடுத்தான். லிகோரி காலைத் தூக்கினான். பந்து போனது.

மறுபடி கொடுத்தான். மறுபடி போனது. அந்தப் பந்தை எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கோல் போட்டான். அந்த ஒரு கோலில் ஆட்டம் போயிற்று.

"இன்னா சார், அடுத்த மேட்சுக்குத் தண்ணி லாரி சொல்லிடலாமா?" என்றான் டில்லிபாபு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லிகோரியும் சிரிக்கவில்லை.

முதலாளி பரஞ்சோதியைக் கார் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"பொறுப்புன்னீங்களே?"

"கொஞ்சம் டைம் கொடுங்க சார். பொறுமையா..."

"பரஞ்சோதி, என் கடையில ஒரு டைல்ஸ் கோணலா இருக்குன்னு வைங்க. நான் பொறுமையா உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா அது நேராயிடுமா?"

முதலாளி கார் கதவைத் திறந்தார்.

"பாலக்காட்டுக்காரன் இன்னும் காத்துக்கிட்டிருக்கான். நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணுவேன். பேரைச் சொல்லுங்க. இந்தப் பையன் பேரையே சொன்னீங்கன்னா, அவன் விடற பந்துக்கெல்லாம் நீங்கதான் கணக்கு. அவன் போற அன்னிக்கு நீங்களும் போகலாம்."

கார் போய்விட்டது.

பரஞ்சோதிக்குக் கோபம் முதலாளி மேல் வரவில்லை. பையன் மேல்தான் வந்தது. மழையில் அப்படி ஆடாமல் இருந்திருந்தால் இவர் வாயைக் கொடுத்திருக்க மாட்டார். தெரியாதவன் செய்யவில்லை என்றால் மனசு பொறுத்துக்கொள்ளும். தெரிந்தவன் செய்யவில்லை என்றால் எப்படிப் பொறுப்பது? வேண்டுமென்றே மானத்தை வாங்கிவிட்டான் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பகலில் பையன்கள் தங்குகிற கட்டடத்துக்குப் போனார். 'பெட்டியைக் கட்டு' என்று சொல்லிவிடுவது என்றுதான் போனார். லிகோரி வராந்தாவில் உட்கார்ந்து ஈரத் துணியால் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காரு" என்றார். அவன் உட்காரவில்லை.

"மழையில மட்டும் எப்படிடா அப்படி ஆடினே?"

"மழையில பந்து எங்க ஊரு பந்து மாதிரி சாரே."

"அப்ப இங்க?"

அவன் வார்த்தையைத் தேடிப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"அங்கன பந்து நம்மளக் கேட்டுட்டு வரும் சாரே. வரட்டுமா, வரட்டுமான்னு கேட்டுட்டு நிக்கும். இங்கன கேக்காம வருது."

பரஞ்சோதி சொல்ல வந்ததைச் சொல்வதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் அவன் சொன்னான்.

"நான் ஊருக்குப் போவட்டா சாரே?"

"என்னது?"

"என்னால உங்களுக்கு ஏச்சு. டில்லியண்ணன் சொன்னாரு. நான் போவட்டா?"

அவர் கேட்க வந்ததை அவனே கொடுக்கிறான். 'சரிப்பா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலை முடிந்தது. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

அந்தச் சொல் வரவில்லை. பசித்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டான் என்று அந்த அம்மா சொன்ன பையன், முதல் முறையாக வாய் திறந்து கேட்டிருக்கிறான். அதுவும் இதை.

"சாயங்காலம் சொல்றேன். பூட்ஸை வெயில்ல வைக்காதே, வெடிச்சுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் தொழுதுவிட்டு வந்து தொப்பியை மடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் மாஸ்டரின் மனைவி ஜுலேகா. கமுதிப் பக்கத்துக்காரி, கணீரென்ற குரல்.

"யாரு, பரஞ்சோதி அண்ணனா? உக்காருங்கண்ணே. சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

பரஞ்சோதி நடந்ததையெல்லாம் சொன்னார். முதலாளி சொன்னது, பையன் கேட்டது, எல்லாம்.

"இப்ப போன் வரும் மாஸ்டர். நான் என்ன சொல்ல?"

"உங்க ஆளு அண்ணே. நீங்கதான் சொல்லணும்."

"இவன் தேறுவானா மாட்டானா, அதையாவது சொல்லுங்க."

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது அண்ணே."

பரஞ்சோதிக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மாஸ்டர் பாயை விரித்தார். ஜுலேகா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். ரசம், சுறாப்புட்டு, அப்பளம். மாஸ்டர் சோற்றைத் தட்டில் போட்டுப் பரஞ்சோதியின் பக்கம் நகர்த்தினார்.

"இவ கல்யாணமாகி வந்தப்ப எங்க வீட்டுல கேஸ் அடுப்பு" என்றார் மாஸ்டர். "இவ வீட்டுல விறகு."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றாள் ஜுலேகா. ஆனால் உட்கார்ந்துகொண்டாள்.

"விறகடுப்புல கொதி வந்ததும் கட்டையை வெளிய இழுத்துடுவாங்க. மிச்சம் தணல்லயே வெந்துடும். இவ கை அப்படியே பழகின கை. இங்க கொதி வந்ததும் கேஸைத் திருகிடுவா. திருகினா நெருப்பே போயிடும்ல? பல்லுல அரிசி கடிபடும்."

"அப்புறம் பயந்துக்கிட்டு விட்டு வச்சா கஞ்சியாயிடும்" என்றாள் ஜுலேகா. "ஒரு நாள் அரிசி, ஒரு நாள் கஞ்சி. ஆறு மாசம்."

"ஆறு மாசத்துக்கு மேலயே இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"சொல்லித் தர யாரும் இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"ஏன் இல்லாம? மாமி பக்கத்துலயே நிப்பாங்க. 'தீயைக் குறை, மூடியைத் திற, ஏன் திறந்தே, மூடு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அவங்க நிக்கிற அன்னிக்கு எனக்கு உப்புப் போடறதும் சேர்ந்து மறந்துடும்."

பரஞ்சோதி தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"எப்பத்தான் சரியாச்சு?"

"அதுதான் தெரியலைண்ணே. ஒரு நாள் நாத்தனார் புள்ள அழுதான்னு தூக்கப் போயிட்டேன். வந்து அடுப்பை அணைச்சேன், இறக்கினேன், வடிச்சேன். என்ன பண்ணினேன்னே கவனமில்லை. சாப்பிட உக்காந்தப்பத்தான் பார்த்தேன், சோறு சோறா இருந்துச்சு."

பரஞ்சோதி மாஸ்டரின் பக்கம் திரும்பினார்.

"அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணினீங்க?"

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். மாஸ்டர் அப்பளத்தை உடைத்தார். ஜுலேகா உள்ளே போய் ஊறுகாயை எடுத்து வந்தாள். பரஞ்சோதி ஒரு கவளத்தைக் கையில் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.

இடது கையால் எடுத்தார்.

"சொல்லுங்க, யாரு?" என்றார் முதலாளி.

"லிகோரிதான் சார்."

"நேத்து பார்த்தப்புறமுமா? மறுபடியும் அவன் பந்தை விட்டா?"

"விடுவான் சார்."



"என்ன பரஞ்சோதி, புத்தி சரியில்லையா?"

"கொஞ்ச நாளைக்கு விடுவான் சார். எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. ஆனா பந்து அவனுக்குத்தான் போகும்."

"நான் நேத்து சொன்னது நினைப்புல இருக்கில்ல? அவன் போனா நீங்களும்."

"இருக்கு சார்."

போன் கட்டாகிவிட்டது. பரஞ்சோதி அதைப் பாயின் ஓரத்தில் வைத்தார். பிறகு எடுத்து, டில்லிபாபுவைக் கூப்பிட்டார்.

"டேய், லிகோரி என்ன பண்றான்?"

"பெட்டிய பக்கத்துல வச்சிக்கினு குந்திக்கினு கீறான் சார். சாப்பிட மாட்டேன்றான்."

"பெட்டியைக் கட்டில் அடியில தள்ளு. அவனைச் சாப்பிட வை. காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுல நான் நிப்பேன்னு சொல்லு. பாஸ் நான் கொடுக்கறேன்."

"கத்த மாட்டீங்களே சார்? அவன் கேட்டா இன்னா சொல்றது?"

"வைடா போனை."

கையில் எடுத்த கவளம் ஆறிப்போயிருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டார்.  ஜுலேகா ரசத்தைச் சூடு பண்ண உள்ளே எடுத்துப் போனாள்.

அவள் போனதும் பரஞ்சோதி மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அத்தனை நாளும் ஒரு வார்த்தைகூடவா நீங்க சொல்லலை? இன்னிக்கு அரிசியா இருக்கு, இன்னிக்குக் குழைஞ்சிருக்குன்னு?"

மாஸ்டர் தட்டை விரலால் வழித்தார்.

"என்னத்தைச் சொல்ல அண்ணே? அவளும் அதே சோத்தைத்தானே சாப்பிட்டா."